தெருவோரத்தில் கிடைத்த சுவாமியார்

"நிப்பாட்டுங்கோ" என்று என் மனைவி சொன்னால் காரை நிப்பாட்டிவிட வேண்டும். ஏன், எதற்கு என்பதையெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். அன்று ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து, பணக்காரர் குடியிருக்கும் ரெமுவேராப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் கோட்டும் டையும் போட்டிருந்தேன். அவள் காஞ்சிபுரம் சேலை உடுத்தியிருந்தாள். பின்சீட்டில் பிள்ளைகள் இரண்டும் இங்கிலீஷில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன.

அப்போதெல்லாம் நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரத்தில் 'இன்ஓர்கானிக்' என்று ஒரு திருவிழா வரும். திருவிழா என்பது என்னுடைய பெயர். கவுன்சில்காரருக்கு அது குப்பை அள்ளுகிற வேலை. வீட்டில் வேண்டாத பெரிய சாமான்களை ஆட்கள் தெருவோரத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். லொறி வந்து அள்ளுவதற்குள் எங்களைப் போன்றவர்கள் ஒரு சுற்றுச் சுற்றி வேண்டியதை எடுத்துக்கொள்வோம். எங்கள் சாப்பாட்டு மேசை, பிள்ளைகளின் கட்டில், தையல் மெஷின் எல்லாம் அப்படி வந்து சேர்ந்தவைதான். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ரெமுவேராவில் மட்டும் வெட்கம் உண்டு. எல்லர்ஸ்லியில் நான் வீட்டுப் பிளான் கீறும் படவரைஞனாக வேலை பார்த்த கந்தோரின் முதலாளி அடுத்த தெருவில்தான் குடியிருந்தார். திங்கட்கிழமை அந்த மனுஷன் முகத்தில் நான் முழிக்க வேண்டாமா?

இதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் இறங்கிப் போய்விட்டாள். உடைந்த வோஷிங் மெஷினில் சாய்த்து வைத்திருந்த ஒரு பெரிய படத்துக்கு முன்னால் நின்று சிலுவை அடையாளம் போட்டாள். சரி, இனி என்ன செய்தாலும் இந்தப் படம் வீட்டுக்கு வரத்தான் போகிறது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

படம் துணியில் எண்ணெய்ச் சாயத்தால் தீட்டியது. பொன் பூசிய சட்டம், ஒரு மூலை மட்டும் உடைந்திருந்தது. உள்ளே ஒரு பாதிரியார், எங்கள் பேச்சில் சுவாமியார், ஆள் உயரத்தில் முக்கால்வாசி. பின்னால் மேகமும் இல்லை, புறாவும் இல்லை, தலையைச் சுற்றி ஒளிவட்டமும் இல்லை. தேத்தண்ணிக் கறை நிறத்தில் வெறும் சுவர்தான். ஒரு சாதாரண மரக் கதிரையில் ஒருபக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். கறுத்த அங்கி, கழுத்தடியில் இரண்டு வெள்ளைப் பட்டிகள், முன்பக்கம் சீவிவிட்ட தலைமயிர். வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்துக்குள் விரலை வைத்து மூடிக்கொண்டு, "ம், சொல்லும், என்ன விஷயம்?" என்று கேட்பது போல நேரே எங்களைப் பார்க்கிறார். பக்கத்து மேசையில் ஒரு தொப்பி. தொப்பியில் சிவப்பு, வெள்ளை, நீலமாக ஒரு சின்ன ரிப்பன். அங்கியின் மடிப்பு ஒவ்வொன்றும் அடிமட்டம் வைத்துக் கீறியது போல் சுத்தமாக இருந்தது. படவரைஞன் கண் என்று ஒன்று இருக்கிறதே, அது என்னைக் கேட்காமலே அந்தப் படத்தை விரும்பிவிட்டது. அதை நான் மனைவிக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

"இவர் புனிதர் மாதிரித் தெரியேல்லையே. புனிதர் எண்டால் மேலையெல்லோ பார்ப்பினம்" என்றேன்.

"மேலை பார்த்தாப்போலை புனிதரோ? வடிவாப் பாருங்கோ, கையிலை செபப் புத்தகம்" என்றாள்.

மகள் காருக்குள் இருந்தபடியே, இவர் தன்னுடைய கணக்கு வாத்தியாரைப் போல இருக்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னாள். அவளுடைய கருத்தை யாரும் கேட்கவில்லை.

படம் எங்கள் காருக்குள் நுழையாது. விட்டுவிட்டுப் போனால் வேறு யாராவது தூக்கிவிடுவார்கள். ஆகவே மனைவி காவலுக்கு நின்றாள். நின்றாள் என்றால், யாரோ எறிந்த சோபா ஒன்றில் சுவாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். காஞ்சிபுரம் சேலையும், கழுத்தில் தாலிக்கொடியும், மடியில் கைப்பையுமாக ரெமுவேரா நடைபாதையில் அவள் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. நாயோடு உலாவப் போன வெள்ளைக்காரர் எல்லாரும் அவளுக்கு 'குட் ஆஃப்டர்நூன்' சொல்லிவிட்டுப் போனார்களாம். ஒரு கிழவி வந்து, சோபா என்ன விலை என்று கேட்டாளாம்.

நான் எங்கள் வீடு இருந்த மவுண்ட் ரோஸ்கில்லுக்கு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரரையும் அவருடைய வானையும் கூட்டிவந்தேன். அவர் ஃபிஜியிலிருந்து வந்தவர், தச்சு வேலை செய்பவர். கொள்ளுத்தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அங்கே கரும்பு வெட்டப் போன குடும்பம். இந்துவானாலும் எங்கள் வீட்டுச் சாமிகளைத் தூக்குவதில் அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை. படத்தை வானில் ஏற்றும்போது அந்த ரிப்பனைக் கவனித்துவிட்டு நின்றார்.

"அண்ணே, இது பிரான்ஸ்காரன். கொடி கலரு பாருங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கும் விஷயம் பிடிபட்டது. பிரான்ஸ் பசிபிக் கடலில் அணுகுண்டு வெடித்துப் பார்க்கப்போகிறது என்று நாடே கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. பிரெஞ்சு வைனைத் தொடாதே, பிரெஞ்சு சீஸைத் தொடாதே என்று எங்கள் கந்தோரிலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அந்த ஆத்திரத்தில்தான் யாரோ ஒரு பணக்காரர் இவரையும் கொண்டுவந்து தெருவில் போட்டிருக்க வேண்டும். ஃபிஜிக்காரருக்கும் கோபம்தான், அது அவருடைய கடல். ஆனாலும் மனைவி சோபாவிலிருந்து எழும்பி வந்து, சுவாமிமாருக்கு நாடு கிடையாது என்று சொன்னதும் அவர் மறுபேச்சில்லாமல் படத்தைக் கயிறு போட்டுக் கட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த சண்டை, ஆணிச் சண்டை. எங்களுடையது வாடகை வீடு. வீட்டுக்காரர் இரண்டொரு மாதத்துக்கு ஒருதரம் இன்ஸ்பெக்ஷன் வருவார். குழாய் ஒழுகுகிறது என்றால் அந்த மனுஷனுக்குக் காது கேட்காது. சுவரில் புதிதாக ஓர் ஓட்டை இருந்தால் மட்டும் மூக்கில் வேர்த்துவிடும். ஆட்கள் வந்து இருக்கிற முன்ஹோலில் ஒரு சுவரில் எங்கள் கலியாணப் படம், அவளுடைய தாய் தகப்பனின் கலியாணப் படம், என் தங்கச்சியின் கலியாணப் படம். எதிர்ச் சுவரில் செப மூலை, மாதாவும் இருதய ஆண்டவரும். இவ்வளவுக்கும் ஆணி அடித்தாயிற்று, இனி ஒரு குண்டூசிகூட இறங்காது என்று நான் முன்பே சட்டம் போட்டிருந்தேன். சட்டம் அன்று மாலையே உடைந்தது. ஃபிஜிக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்து உள்ளே மரச்சட்டம் இருக்கும் இடம் தேடி, நாலு அங்குல ஆணி ஒன்றை இறக்கினார். ஒவ்வொரு அடியும் என் நெஞ்சில் விழுந்தது. சுவாமியார் மாதாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "ம், சொல்லும்" என்று எங்களைப் பார்த்தார்.

அவள் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவளுடைய தம்பி.

அவனுக்கு ஐந்து வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்து, பிழைக்கமாட்டான் என்று டொக்டர் கைவிட்ட நேரத்தில் அவர்களுடைய தாய் ஒரு நேர்த்தி வைத்தா. பிள்ளை எழும்பினால் கோயிலுக்கே கொடுத்துவிடுகிறேன் என்பது நேர்த்தி. பிள்ளை எழும்பினான். பதினான்கு வயதில் யாழ்ப்பாணத்தில், குருவாக வருகிறவர்களைப் படிப்பிக்கிற செமினரியில் கொண்டுபோய் விட்டார்கள். தாய் கண்ணை மூடும்போது என் மனைவியின் கையைப் பிடித்து, "அவன்ரை முதல் பூசையைப் பார்க்க எனக்குக் குடுத்து வைக்கேல்லை, நீ நிண்டு பார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. அன்றிலிருந்து இவள் அந்த நேர்த்தியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். செமினரிக்குப் போனவனை, கோவணம் கட்டிவிட்டு வளர்த்த தம்பியை, 'டா' போட்டுக் கூப்பிடக்கூடாது என்று 'பிரதர், நீங்கள், வாங்கோ' என்றுதான் பேசுவாள். டெலிபோனிலும் அப்படித்தான். பக்கத்தில் இருந்து கேட்க எனக்குச் சிரிப்பு வரும்.

இப்போது அவளுக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார். தம்பிக்காக மன்றாட மாதா இருக்கிறாதான். ஆனால் மாதாவுக்கு ஆயிரம் வேலை. இவர் குருவானவர், குருமாரின் கஷ்டம் தெரிந்தவர், அதோடு வேறு யாரும் கேட்டு வராத ஆள். ஒவ்வொரு நாளும் பின்னேரச் செபம் முடிந்ததும் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகவே கேட்பாள்: "சுவாமி, என்ரை தம்பியை அப்படியே உம்மை மாதிரி ஆக்கிவிடும்." நானும் பிள்ளைகளும் ஆமென் சொல்லுவோம்.

அவருக்குப் பெயர் தெரியாததால் 'புத்தகச் சுவாமியார்' என்று அவளே பெயர் வைத்தாள். எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சனத்துக்கு இப்படி ஒரு செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? டிரைவிங் டெஸ்டில் போகும்போதெல்லாம் விழுந்துகொண்டிருந்த ஓர் அக்கா இவருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போய் லைசென்ஸோடு திரும்பி வந்தா. இன்னொருவருக்கு ரெசிடென்ஸி விசா வந்தது. மூன்றாமவருக்கு மோர்ட்கேஜ் கிடைத்தது. ஃபிஜிக்காரர் கூட ஒரு நாள் பிளாஸ்டிக் பூமாலை ஒன்றைக் கொண்டுவந்து சட்டத்தில் போட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்றார். ஆக, அணுகுண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சுவாமியார் நடத்திவைத்தார்.

அடுத்த வருஷம் தம்பி வந்தான். குருப்பட்டத்துக்கு முந்தின படியான தியாக்கோன் பட்டத்துக்கு முன் லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று மனைவி எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தாள். ஏர்போர்ட்டில் கதவு திறந்ததும் கோடு போட்ட சேர்ட்டும் மீசையுமாக ஒருத்தன் வந்தான். மீசையைக் கண்டதும் எனக்கு எங்கேயோ இடித்தது. வெள்ளை அங்கி எங்கே என்று அவள் கேட்டாள். பிளேனில் ஊத்தையாகிவிடும் அக்கா என்றான். அவளுக்கு அந்தப் பதில் போதுமாயிருந்தது.

மறுநாள் அவனையும் ஏற்றிக்கொண்டு சான்ட்ரிங்ஹாமுக்கு மிளகாய்த்தூள் வாங்கப் போனேன். போகிற வழியில் அவன் திடீரென்று, "அத்தான், நான் விட்டிட்டன்" என்றான்.

"எதை?"

"செமினரியை."

முன்னால் போன பஸ்ஸை இடிக்கப் பார்த்தேன். காரை ஒரு டெயரிக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு மிச்சத்தைக் கேட்டேன். விட்டுச் சில மாதங்கள் ஆகிவிட்டனவாம். கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறானாம். அதே பள்ளிக்கூடத்தில் மன்னார்ப் பொம்பிளைப் பிள்ளை ஒன்றும் படிப்பிக்கிறதாம். அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஏன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கக்கூடாது, இவ்வளவு தூரம் பறந்து வரவேணுமோ என்று எரிந்து விழுந்தேன்.

"அம்மா இல்லை. அக்காதான் அம்மா. முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேணும்" என்றான்.

அது சரிதான். அடுத்து அவன் கேட்டதுதான் சரியில்லை: அத்தான், நீங்கள் கொஞ்சம் முன்னுக்குச் சொல்லி வையுங்கோவன் என்றான். நல்ல கதை. நீர் மூன்று கிழமையில் பிளேன் ஏறிவிடுவீர், நான் இந்த வீட்டில்தான் சீவிக்க வேண்டும், நீரே சொல்லும் தம்பி என்று கையைக் கழுவிவிட்டேன்.

அவன் சொல்லப் பார்த்தான். பாவம், அவன் மீது ஒரு பிழையும் இல்லை. "அக்கா, ஒரு விஷயம்" என்று தொடங்குவான். "சாப்பிட்டிட்டுச் சொல்லுங்கோ பிரதர்" என்று நண்டுக்கறியைக் கொண்டுவந்து வைப்பாள். வாயில் நண்டுக்காலை வைத்துக்கொண்டு எவனால் செமினரியைப் பற்றிக் கதைக்க முடியும்? சாப்பிட்டு முடிந்ததும், பிரதருக்குக் களைப்பு, படுக்கட்டும் என்று பிள்ளைகளின் ரேடியோவை நிறுத்துவாள். தன் செலவில் துணி எடுத்து அவனுக்கு ஒரு வெள்ளை அங்கி தைத்துவிட்டாள், அதுவும் அந்தக் குப்பையில் வந்த தையல் மெஷினில். பின்னேரச் செபத்தை அவன்தான் நடத்த வேண்டும். முடிவில் அவள் புத்தகச் சுவாமியாரைப் பார்த்து, "உம்மை மாதிரி ஆக்கிவிடும்" என்று கேட்கும்போது அவனும் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டு ஆமென் சொல்ல வேண்டும். நான் அவன் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

ஒக்டோபர் மாதம் எங்கள் சனத்துக்குச் செபமாலை மாதம். மாதா சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்குப் போகும். எல்லாரும் அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்லி, கடலையும் வடையும் சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். எங்கள் முறை வந்த நாளில் மனைவி பங்குச் சுவாமியையும் கூப்பிட்டிருந்தாள். அவர் அயர்லாந்துக்காரர், நன்றாக வயது போனவர், தேத்தண்ணிக்கு எந்த வீட்டுக்கும் வருவார். அவளுடைய திட்டம் எனக்குத் தெரியும். தம்பியை அவருக்கு அறிமுகப்படுத்தி, பட்டம் கிடைத்தபின் இவனை ஓக்லாந்துத் தமிழ்ச் சனத்துக்கென்று எடுப்பிக்க முடியுமா என்று எல்லாருக்கும் முன்னால் கேட்கப்போகிறாள். கேட்டு, அவர் ஓம் என்று சொல்லிவிட்டால் தம்பி பிறகு எங்கே ஓடுவான்?

ஹோல் நிறைந்துவிட்டது. செருப்புகள் வாசல் தாண்டி ரோட்டு வரைக்கும் கிடந்தன. தம்பி புது அங்கியில் மூலையில் நின்றான். சுவாமி உள்ளே வந்தார், மாதாவுக்கு முன்னால் தலை குனிந்தார், நிமிர்ந்தார், அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிட்டப் போய்ப் பார்த்தார். பிளாஸ்டிக் மாலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுத் தொப்பி ரிப்பனைப் பார்த்தார். பிறகு திரும்பி, இந்த ஆளை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார்.

நான் ரெமுவேரா என்றேன். அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். சிரித்துக்கொண்டே ஒரு கதிரையில் உட்கார்ந்து சொன்னார். இளமையில் அவர் பிரான்ஸில் ஒரு சின்ன நகரத்தில் படித்தவராம். அந்த நகர மியூசியத்தில் இதனுடைய அசல் தொங்குகிறதாம். இது யாரோ கைப்பட வரைந்த நகலாம். இப்படியான ஆளாக வந்துவிடாதீர்கள் என்று வாத்தியார் தங்களைக் கூட்டிப்போய்க் காட்டுவாராம். அதற்குமேல் அவர் சொன்னதை எல்லாம் நான் கேட்டுக்கொண்டு மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். வயதான வெள்ளைக்காரரின் இங்கிலீஷ் எனக்கு விளங்குவதைவிட அவளுக்கு நன்றாக விளங்கும்.

முன்வரிசையில் இருந்த பெண்களுக்குத்தான் விளங்கவில்லை. லைசென்ஸ் அக்கா என் கையைச் சுரண்டி, சுவாமி என்ன சொல்லுறார் என்று கேட்டா.

"பிரான்ஸ் நாட்டுச் சுவாமியாம்" என்றேன்.

"பேந்து?"

"நல்லாப் படிச்சவராம்."

"பேந்து?"

பிறகு என்ன என்றால் நான் என்ன சொல்வது? அப்போது மூலையிலிருந்து தம்பியின் குரல் வந்தது. செமினரியில் பிரசங்கத்துக்குப் பழக்கிய குரல், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

"பிரான்ஸிலை புரட்சி வந்த நேரம், சத்தியம் பண்ண வேண்டாம் எண்டு பாப்பரசர் சொன்னதையும் கேளாமல் புரட்சிக்காரருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தவராம். அந்த ரிப்பன் அதுதானாம். கையிலை இருக்கிறது செபப் புத்தகம் இல்லை, சட்டப் புத்தகமாம். படம் கீறி அடுத்த வருஷம் அங்கியைக் கழட்டிப்போட்டு ஒரு விதவையைக் கலியாணம் கட்டினவராம். ஆனால் பேந்து கொலையும் களவுமா வந்த நேரம், தன்னைத் திட்டின குருமாரையே தன்ரை வீட்டு நிலவறையிலை ஒளிச்சு வைச்சுக் காப்பாத்தினவராம். மோசமான குரு, நல்ல மனுசன் எண்டு சுவாமி சொல்லுறார்."

அவன் அக்காவைப் பார்த்தான். கை அங்கியின் பொத்தானில் இருந்தது.

"நானும் கழட்டிட்டன் அக்கா. சொல்லத்தான் வந்தனான்."

அந்த நேரத்தில் லைசென்ஸ் அக்கா மெதுவாகக் கேட்டா: "அப்ப என்ரை லைசென்ஸ் செல்லாதோ?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு இன்னொருவர். அடக்கிப் பார்த்தும் முடியாமல் நானும் சிரித்துவிட்டேன்; அந்தச் சிரிப்புக்கு மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். சுவாமிக்குத் தமிழ் விளங்காததால், தன்னுடைய கதைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அவரும் சேர்ந்து சிரித்தார். மனைவி அழவுமில்லை, ஏசவுமில்லை. "தேத்தண்ணி ஆறப்போகுது, கெதியாச் செபமாலையைத் தொடங்குங்கோ" என்றாள். தம்பியே தொடங்கினான். அவள் ஒரு மணியும் விடாமல் சொல்லி முடித்து, எல்லாருக்கும் வடை கொடுத்து, சுவாமியைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓக்லாந்துக்கு வருவிக்கும் கதையை அவள் எடுக்கவே இல்லை.

அடுத்த நாள் காலை செப மூலையில் ஆணி மட்டும் இருந்தது. சுவாமியார் கராஜில், புல்லு வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி நின்றார். தம்பிக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. 'பிரதர்' போய்விட்டது, அந்த இடத்தில் வேறு ஒரு பெயரும் வரவில்லை. சாப்பாடு ஆயிற்று என்பதை அவனுக்குப் பிள்ளைகளை விட்டு இங்கிலீஷில் சொல்லுவித்தாள். அவன் சூட்கேஸை அடுக்கத் தொடங்கினான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அவளைப் பார்க்க இன்னும் பாவமாக இருந்தது. செத்துப்போன தாய்க்குக் கொடுத்த வாக்கை அவள் இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்தாள், இப்போது அதை எங்கே இறக்கி வைப்பாள்?

அவன் போவதற்கு முந்தின சனிக்கிழமை, கராஜில் அரிசி எடுக்கப் போனவள் நெடுநேரமாகத் திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். படத்தைத் திருப்பி வைத்துவிட்டு, அரிசி மூட்டையில் உட்கார்ந்துகொண்டு சுவாமியாரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உம்மட்டை நான் என்ன கேட்டனான்?" என்றாள். அவர் புத்தகத்துக்குள் விரலை வைத்துக்கொண்டு பார்த்தார். "உம்மை மாதிரி ஆக்கிவிடும் எண்டெல்லோ கேட்டனான். ஒரு வருஷமா, ஒரு நாள் விடாமல். கேட்டதை அப்படியே செய்து வைச்சிருக்கிறீர். இனி நான் ஆரை நோகிறது?" சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரிப்போடு அழுகையும் வந்தது. "அம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது?"

எனக்குப் பின்னால் தம்பி வந்து நின்றிருந்தான். அவளுக்கு முன்னால் போய்க் குந்தினான்.

"அக்கா, நான் சாகக்கூடாது எண்டுதானே அம்மா நேர்ந்தவ. நான் சாகேல்லையே" என்றான்.

அவள் கையில் இருந்த, அரிசி அளக்கிற சுண்டைக் கீழே வைத்தாள். பிறகு எழும்பிச் சேலையைத் தட்டிவிட்டு, படத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். அவன் மறுபக்கத்தைப் பிடித்தான். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குள் வந்தார்கள். நான் செப மூலையில் இருந்த நாலு அங்குல ஆணியைக் காட்டினேன், நல்ல ஆணி, வீணாகக் கிடக்கிறதே என்று. அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே எதிர்ச் சுவருக்குப் போனாள், எங்கள் கலியாணப் படமும் தாய் தகப்பனின் கலியாணப் படமும் என் தங்கச்சியின் கலியாணப் படமும் இருந்த பக்கம்.

"கலியாணம் கட்டின ஆக்கள் இஞ்சை இருக்கட்டும்" என்றாள். "இதிலை ஒரு ஆணி அடியுங்கோ."

"வீட்டுக்காரன்..." என்று தொடங்கினேன்.

"பக்கத்திலை இன்னொண்டும் அடியுங்கோ."

இன்னொன்று எதற்கு என்று கேட்கப் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள். பதினான்கு வயதில் அவனைச் செமினரி வாசலில் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அவள் வாயில் வராத ஒரு சொல் அப்போது வந்தது.

"டேய், அந்தப் பிள்ளையின்ரை படம் ஒண்டும் கொண்டுவரேல்லையோடா நீ?"

அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டான். நான் வீட்டுக்காரரைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் சுத்தியலைத் தேடிப் போனேன்.